கரண்டி அடியைத் தொட்டதா? ஒரு மட்டக்களப்பு நாட்குறிப்பு

ஜூலை 9, 2024, செவ்வாய்: ரயில்

யானைக்காக ரயில் நின்றது. கல்லோயாச் சந்தியைத் தாண்டி ஏதோ ஒரு காட்டுக்குள் இரண்டேகால் மணி நேரம். மின்விசிறிகள் ஓய்ந்ததும் பெட்டி முழுவதும் விழித்துக்கொண்டது. எதிரே இருந்த அம்மா வாழைச்சேனையில் இறங்க வேண்டியவர். வாழையிலையில் கட்டிய இடியாப்பத்தை அவிழ்த்துத் தான் தொடுவதற்கு முன் எனக்கு நீட்டினார். சம்பலில் மாசித்தூள் மணத்தது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "யானை எப்போது போகும் என்று யானைக்கே தெரியாது, சாப்பிடு மகள்" என்றார்.

சாப்பிட்டவள் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கலியாணம், பிள்ளைகள், நோர்வேயில் வீட்டு வாடகை என்று ஒவ்வொன்றாக முடித்து வேலைக்கு வந்தார். செய்மதி ஒன்று ராடார் துடிப்பைக் கீழே அனுப்பும். துருவக் கடல் உறைந்து கிடக்கும். அதன் மேல் பனி மூடியிருக்கும். அங்கே பட்டுத் திரும்புகிற எதிரொலி என்ன வடிவத்தில் இருக்கும் என்று கணினியில் கணக்குப் போடுவது என் வேலை என்றேன். கொஞ்சம் யோசித்தார். "பனிக்குள் நிற்கிற வேலை என்றால் தலைக்கு ஒரு துவாயைக் கட்டிக்கொள். தடிமன் பிடிக்கும்."

பன்னிரண்டு வருடமாக நான் கண்டுபிடிக்க முயல்வதும் தடிமனைத்தான், ஐஸின் தடிமனை. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கைவைத்தியம் ஒன்றும் கூட வந்திருக்கும்.

மட்டக்களப்பில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. கச்சான் காற்று. மேற்கே மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு எங்கள் பக்கத்துக்கு வெறுங்கையோடு வருகிற காற்று இது. உதடு காய்ந்து வெடித்தது. நிலைய வாசலில் ஒருவர் வறுத்த கச்சான் விற்றுக்கொண்டிருந்தார், சரை நூறு ரூபா. காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பெயர் வைத்த ஊர் உலகில் வேறு எங்கும் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஜூலை 10, புதன்: கல்லடி

காலை ஆறு மணிக்கு மீன்காரரின் ஹோர்ன். மோட்டார் சைக்கிளின் பின்னால் ரெஜிபோம் பெட்டி. பெரிய இறால் கிலோ 2,400 ரூபா என்றதும் அம்மா பெட்டியைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். 2,200க்கு வந்தது. நான் இறாலை விட்டுவிட்டு ஐஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர் கூடட்டும் என்று அவர் கல்லுப்பைத் தூவியிருந்தார். மேலே வெள்ளையாக, பொருபொருவென்று நொறுங்கல். அதற்குள் விரலை விட்டால் இரண்டு அங்குலத்தில் சாம்பல் நிறக் குழம்பு, உப்புக் கரிப்பு.

இதே கதைதான் எங்கள் தலைவலியும். புதிதாக உறைந்த கடல் ஐஸ் தனக்குள் இருக்கும் உப்புநீரை மேலே தள்ளும்; மேலே கிடக்கும் பனி அதை விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல இழுக்கும். உப்பேறிய பனிக்குள் ராடார் துடிப்பு நுழையத் திணறும். ஐஸின் மேற்பரப்பு என்று நாங்கள் நினைக்கும் எதிரொலி, உண்மையில் அதற்குச் சில சென்ரிமீற்றர் மேலே உப்பு ஏறி நின்ற மட்டத்தில் இருந்து வந்திருக்கலாம்.

"தங்கச்சி ஐஸும் வாங்கப் போகிறாவா?" என்று மீன்காரர் அம்மாவிடம் கேட்டார்.

நோர்வேயில் இருந்து கொண்டுவந்த மடிகணினியின் செருகி இங்குள்ள எந்தத் துளைக்கும் பொருந்தவில்லை. நகரத்தில் நான்கு கடை ஏறி இறங்கி 650 ரூபாவுக்கு மாற்றி ஒன்று வாங்கினேன். இரண்டாம் நாளே கருகிப்போனது.

ஜூலை 11, வியாழன்: பள்ளிக்கூடம்

சின்னம்மாவின் மகள் விஞ்ஞான ஆசிரியை. உயர்தர மாணவருக்கு அரை மணி நேரம் பேச வேண்டும் என்று வரும் முன்பே வாக்கு வாங்கிவிட்டாள். படங்களும் அசைபடங்களுமாக நாற்பது பக்கம் தயாரித்துக் கொண்டுபோனேன். வணக்கம் சொல்லி முடிக்கவும் மின்சாரம் போகவும் சரியாக இருந்தது. கரும்பலகையும் ஒரு துண்டு வெண்கட்டியும்தான் மிச்சம்.

முதல் இடறல் தமிழிலேயே வந்தது. எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் வைக்கோலில் நிற்கும் ஈரம். பனிக்குள் ராடார் போகும் என்றதும் பின்வரிசைப் பையன் "மூடுபனிக்குள்ளா மிஸ்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம்: கீழே கட்டியாக மிதப்பது ஐஸ், அதன் மேல் தூளாகக் கிடப்பது பனி. அதற்குப் பிறகு வகுப்பு ஓடியது.

செய்மதி 717 கிலோமீற்றர் உயரத்தில் போகிறது. துடிப்பு போய்த் திரும்ப ஒரு செக்கனில் இருநூறில் ஒரு பங்கு கூட ஆகாது. அந்த நேரத்தை அளந்தால் தூரம். ஐஸுக்கு நடுவே வெடிப்பு விழுந்த இடத்தில் கடல்நீர் தெரியும். அந்த நீர்மட்டத்தையும் பக்கத்து ஐஸின் மட்டத்தையும் அளந்து கழித்தால், ஐஸ் தண்ணீருக்கு மேலே எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்று தெரியும். துருத்துவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, மிச்சம் தண்ணீருக்குக் கீழே. ஆகவே மேலே ஐந்து சென்ரிமீற்றர் பிசகினால் தடிமனில் அரை மீற்றர் பிசகும். "கடைசிச் சுழியத்தில் விட்ட பிழை மாதிரி" என்றாள் முன்வரிசைப் பிள்ளை.

அவர்களுக்கு மிகவும் பிடித்தது அந்தச் செய்மதியின், கிரையோசாட்டின், கதை. முதல் செய்மதி 2005 ஒக்டோபர் 8 அன்று ஏவப்பட்டது. ரொக்கெட் பழுதாகி, எந்தக் கடலை அளக்கப் போனதோ அந்த வட துருவக் கடலிலேயே விழுந்தது. மறுபடி கட்டி 2010 ஏப்ரல் 8 அன்று ஏவினார்கள். "இரண்டாம் தரம் எழுதிப் பாஸ் பண்ணினது" என்று ஒரு குரல். வகுப்பு முழுவதும் சிரித்தது. இரண்டாம் தரம் எழுதுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தார்கள்.

முடியும் நேரம் ஒரு பிள்ளை எழுந்தாள். "மிஸ், நீங்கள் அந்த ஐஸ் மேல் நின்றிருக்கிறீர்களா?"

இல்லை. நான் நின்றது நோர்வேயில் என் வீட்டுக்குப் பின்னால் உறைந்த குளத்தின் மேல். துருவக் கடலை நான் கணினிக்குள்தான் செய்கிறேன்: பரப்பைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு சக்தியைத் திருப்பி அனுப்பும் என்று கூட்டி. உண்மையைச் சொன்னேன். அவள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. எனக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஜூலை 13, சனி: காத்தான்குடி

அம்மாவுக்குச் சேலை, மாமிக்குச் சேலை, சின்னம்மாவுக்கு மாற்றக் கொண்டுபோன சேலை. கடைக்கார நானா முகம் சுளிக்காமல் முப்பது சேலையை விரித்துப் போட்டார். வட்டிலப்பம் துண்டு 150 ரூபா. பிரதான வீதியின் நடுவில் வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களில் காய் தொங்கியது. வெயில் அரேபியாவுக்குக் குறைந்ததில்லை என்பதற்கு மரங்களே சாட்சி.

ஜூலை 14, ஞாயிறு: மண்டூர்

மாமா வீட்டுக்கு. குருமண்வெளித் துறையில் இருந்து பாதையில் போனோம். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் தெருவல்ல. ஆட்கள், மோட்டார் சைக்கிள்கள், அரிசி மூடைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. எழுவான்கரையில் ஏறினால் படுவான்கரையில் இறங்கலாம்: சூரியன் எழுகிற கரை, படுகிற கரை.

நடு வாவியில் ஒன்றைக் கண்டேன். கச்சான் காற்றுக்குத் தண்ணீர் முழுவதும் சுருக்கம் விழுந்து மங்கலாகக் கிடந்தது. இடது பக்கம் தள்ளி, ஆற்றுவாழை இரண்டு திட்டாக ஒதுங்கிய இடத்தில், அவற்றுக்கு நடுவே பாய் அகலத்துக்கு ஒரு துண்டுத் தண்ணீர் மட்டும் அசையாமல் நின்றது. செடி காற்றை மறித்துவிட்டது. அந்தத் துண்டில் வெயில் பட்டுத் தெறித்ததில் கண் கூசி, எனக்கு நேர் முன்னே பத்தடியில் கிடந்த வலை மிதப்புகள் தெரியவில்லை. பாதைக்காரருக்கு அவை அங்கே இருப்பது தெரியும். எனக்கு அந்த ஒளித்துண்டு மட்டுமே தெரிந்தது.

இதைத்தான் இரண்டு வருடமாகக் கணினியோடு மல்லுக்கட்டுகிறேன். ஐஸ் வெடிப்புக்குள் தண்ணீர் அலையில்லாமல் கண்ணாடி போல நிற்கும். செய்மதி தனக்கு நேர் கீழே இருக்கும் ஐஸை அளக்க நினைக்கிறது. பக்கத்தில் ஒரு வெடிப்பு இருந்தால் போதும், அதன் பளீர் எதிரொலி மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். பக்கவாட்டில் இருப்பதால் அதற்குப் போய்வரும் தூரம் கூட. தூரம் கூடினால், பரப்பு இருப்பதைவிடத் தாழ்வு என்று கணக்கு வரும். எத்தனையோ வரைபடங்களில் பார்த்த பிழையை என் கண்ணே செய்தது இன்றுதான்.

மாமாவுக்கு எழுபத்தாறு வயது. நீர்ப்பாசன வேலையில் முப்பத்தொரு வருடம், அதில் பாதி அம்பாறைப் பக்கம். சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர்மட்டத்தை எழுதி எழுதியே கையெழுத்து அழகானது என்பார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை பொறுத்தார். பிறகு, "என்ன அளக்கிறாய், எப்படி அளக்கிறாய், ஒழுங்காகச் சொல்லு பிள்ளை. சென்ற முறை நீ சொன்னது விளங்கவில்லை."

துறையடிக்குப் போனோம். நட்டிருந்த கம்பு ஒன்றில் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. துடிப்பு கீழே வரும்போது முதலில் அலையின் முடியைத் தொடும், பிறகு பக்கங்களை, கடைசியில் அலையின் குழியை; ஆகையால் எதிரொலி ஒரே அடியாக எழாது, சாய்ந்து ஏறும் என்று தொடங்கினேன். மாமா கையைக் காட்டி நிறுத்தினார். "ஏறின உச்சத்தைப் பார், இறங்கின அடியைப் பார், நடுவை எழுது. கச்சான் காலத்தில் குளத்து அளவுகோலை வேறு எப்படிப் படிப்பது?"

1977 இல் பிரவுண் என்ற அமெரிக்கர் எழுதிய சமன்பாடு கடலுக்குச் சொல்வது இதுதான். எதிரொலி ஏறும் சரிவின் நடுப்புள்ளி சராசரி மட்டம். சரிவு எவ்வளவு படுத்திருக்கிறதோ அலை அவ்வளவு உயரம். எனக்கு இது விளங்க ஒரு அரையாண்டு பிடித்தது. மாமா அதைச் சைக்கிளில் போய் எழுதியிருக்கிறார்.

கருவி எதிரொலியைப் பதியும் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 47 சென்ரிமீற்றர், நாங்கள் தேடுவதோ இரண்டு மூன்று சென்ரிமீற்றர், ஆகவே வடிவத்தை மாதிரி போட்டுப் பொருத்தாமல் முடியாது என்றேன். அதையும் ஏற்றுக்கொண்டார்: "அங்குலக் கோடு அழிந்த அளவுகோலில் நானும் அரைக்கால் படித்திருக்கிறேன்."

சிக்கல் தயிரில் வந்தது.

மாமியின் எருமைத் தயிர்ச் சட்டி நடுவே இருந்தது. மேலே விரல் தடிப்பில் ஆடை, மஞ்சள் படர்ந்து. தண்ணீருக்குள் துடிப்பு போகாது, பனிக்குள் போகும், இதோ இப்படி என்று கரண்டியை இறக்கினேன். ஆடை பனியின் மேற்பரப்பு, தயிர் பனி, சட்டியின் அடி ஐஸ். 2.2 சென்ரிமீற்றர் அலைநீளத்துத் துடிப்பு உலர்ந்த பனியைத் துளைத்து அடிவரை போகும். போகும் வழியில் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறையும், அதைத் திருத்திக்கொள்வோம்.

"கரண்டி அடியைத் தொட்டதென்று எப்படித் தெரியும்?"

"எதிரொலியில் பெரிய பங்கு அங்கிருந்து வரும், மாமா."

"அங்கிருந்துதான் வந்தது என்று யார் சொன்னது? கரண்டியா?"

மாமி சிரித்துவிட்டார். நான் ஆடையைச் சுட்டினேன். 2012 ஜூலையில் கிறீன்லாந்தின் மேற்பரப்பு முழுவதும் என்னும் அளவுக்கு உருகி மறுபடி உறைந்தது. அடுத்து வந்த ராடார் அளவுகள் அங்கே தரை ஏறத்தாழ அரை மீற்றர் உயர்ந்துவிட்டதாகக் காட்டின. உயர்ந்தது தரையல்ல. அதுவரை உள்ளே போய்க்கொண்டிருந்த துடிப்பு, புதிதாகப் படிந்த ஐஸ் ஆடையில் பட்டு மேலேயே திரும்பிவிட்டது. மாமாவை மடக்க எடுத்த உதாரணம். சொல்லி முடித்தபோது அது அவருடைய கட்சிக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

"அப்படியானால் பனி எவ்வளவு ஆழம் என்று தனியாகத் தெரிய வேண்டுமே. அதற்கு என்ன செய்கிறீர்கள்?"

இந்தக் கேள்வி வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். 1954 முதல் 1991 வரை சோவியத் ஆய்வாளர்கள் மிதக்கும் ஐஸின் மேல் முகாம் போட்டு, அதோடே மிதந்து போய்ப் பனியை அளந்தார்கள். அந்த அளவுகளைத் தொகுத்து 1999 இல் வெளியான அட்டவணையைத்தான் இன்றும் பலர் தொட்டுக்கொள்கிறார்கள்.

"எதனால் அளந்தார்கள்?"

"கம்பால், மாமா."

மாமா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். தோள் குலுங்குவது பின்னால் இருந்து தெரிந்தது.

ஜூலை 15, திங்கள்: மண்டூர்

இரவு நித்திரை இல்லை. காற்று நின்று, நுளம்பு பிடித்துக்கொண்டது. மாமிக்கு "மறுகா" என்று தொடங்காமல் எதையும் சொல்ல வராது, விடிய நான்கு மணிக்கு, "மறுகா, நித்திரை வரவில்லையா மகள்?" என்று பிளேன்டீயோடு வந்தார்.

நம்பிக்கை தரும் செய்திகளும் இருக்கின்றன என்று மாமாவுக்கு மனதுக்குள் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். 2013 பெப்ரவரியில் சிறீஹரிகோட்டாவில் இருந்து போன சரல் செய்மதியின் அலைநீளம் எட்டு மில்லிமீற்றர். அது பனிக்குள் ஆழமாகப் போகாது. 2018 இல் ஏவிய ஐஸ்சாட்-2 லேசரால் அளக்கிறது. அது பனியின் மேலேயே திரும்பும். மேலே நிற்பதையும் உள்ளே போவதையும் கழித்தால் பனியின் ஆழம் வரும். உள்ளே போவது அடிவரை போகுமானால். மறுபடி கரண்டி.

எங்கள் துறையில் யாருக்கும் தெரியாத விஷயமல்ல இது. 2019-20 இல் மொசைக் என்ற வட துருவ ஆய்வுப் பயணத்தில் கப்பலை ஐஸோடு உறைய விட்டு ஒரு வருடம் மிதந்தபோது, ராடாரை ஐஸ் மேலேயே இறக்கி இதைத்தான் சோதித்தார்கள். குளிர்ந்து உலர்ந்த பனியிலும் மேற்பரப்பில் இருந்து கணிசமான பங்கு திரும்பியது. ஆனாலும் கட்டுரை எழுதும்போது, "துடிப்பு பனியின் அடிவரை செல்கிறது என்று கொள்வோம்" என்று ஒரு வரியை எழுதிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுகிறோம். நானும் நான்கு கட்டுரைகளில் போயிருக்கிறேன். கட்டுரையைப் பரிசீலித்தவர்கள் காற்புள்ளியைக் கூடத் திருத்தினார்கள், அந்த வரியை விட்டுவிட்டார்கள்.

மாமா வீட்டு மாற்றியில் மடிகணினி மின்னேறியது. துடிப்பு எந்த ஆழத்தில் திரும்புகிறது என்ற அந்த ஒரு எண்ணை நிலையாக வைக்காமல், மேலிருந்து அடிவரை எங்கும் நிற்கலாம் என்று மாற்றி, நோர்வேயில் இருக்கும் இயந்திரத்துக்கு அனுப்பினேன். தொலைபேசி இணைப்பில் அனுப்பி முடிய ஐம்பது நிமிடம்.

ஜூலை 17, புதன்: நாவலடி

கல்லடியில் இருந்து முச்சக்கரவண்டி, 400 ரூபா. ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல், நடுவே மணல். 2004 டிசம்பர் 26 காலையில் இந்த மணல் எப்படி இருந்தது என்று ஊரில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. என்னோடு ஆறாம் வகுப்பில் படித்த மூன்று பேர் இங்கே இருந்தார்கள். அம்பாறைக் கரையில் இன்னும் மோசம். நாட்டிலேயே கூடுதலாக இறந்தது அந்த மாவட்டத்தில்.

நினைவுத்தூணுக்குப் பக்கத்தில் கிழவி ஒருவர் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் பிளந்த கட்டாக் கருவாடு, காகத்துக்குப் பயந்து மேலே பழைய வலை. யாருடைய பிள்ளை என்று விசாரித்தார், சொன்னேன். என்ன வேலை என்றார். செய்மதியால் கடலையும் ஐஸையும் அளப்பது என்று சுருக்கினேன்.

"அன்றைக்கு வந்த கடலை அது கண்டதா?"

கண்டது. நிலம் அதிர்ந்து இரண்டு மணி நேரத்தில் ஜேசன்-1 செய்மதி தன் பாட்டில் வங்காள விரிகுடாவுக்கு மேலால் போனது. அலை அதன் பதிவில் இருக்கிறது. அந்த நேரத்தில் அலை இங்கே வந்துவிட்டது. தரவு ஆட்களின் கைக்கு வந்து அவர்கள் படித்தபோது இன்னும் பல மணி நேரம் கடந்திருந்தது.

"நடுக்கடலில் எவ்வளவு உயரம்?"

"அறுபது சென்ரிமீற்றர் அளவில், ஆச்சி."

சென்ரிமீற்றர் அவருக்குப் பிடிபடவில்லை. மணலில் இருந்து என் கையை உயர்த்திக் காட்டினேன். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து கருவாட்டைத் திருப்பிப் போடத் தொடங்கினார். நானும் வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தேன். போகும்போது நான்கு கருவாட்டைப் பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தார். காசு வாங்கவில்லை.

ஜூலை 18, வியாழன்: திரும்பும் பஸ்

ரயிலில் இடமில்லை, இரவு பஸ். மதியம் நோர்வேயில் இருந்து விடை வந்தது. தடிமனின் சராசரி அதிகம் மாறவில்லை. அளவு எவ்வளவு பிசகலாம் என்று காட்டும் பிழைக்கோடுகள்தான் பருத்துப்போய், போன மாதம் நான் பெருமையோடு காட்டிய இரண்டு பருவங்களின் வித்தியாசத்தை விழுங்கிவிட்டன. மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "நல்லது, இப்போதுதான் அளவுகோலைப் பார்த்திருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு, மாமி தயிர்ச் சட்டி அனுப்பியிருப்பதாகவும், அதைச் சாய்க்காமல் கொண்டுபோக வேண்டும் என்றும் நீண்ட நேரம் விளக்கினார்.

சட்டியின் வாயை எண்ணெய்த்தாளால் மூடி, சணல் கயிறு கட்டி, மேல் தட்டில் என் பைக்கும் கருவாட்டுப் பொதிக்கும் நடுவே நிமிர்த்தி வைத்தேன். பொலநறுவையைத் தாண்டி ஏதோ ஒரு திருப்பத்தில் சாரதி பிரேக் அடித்தார். முன் இருக்கைக்காரரின் தோளில் வெள்ளையாக ஏதோ ஒழுகியது. அறுபது வயது மதிக்கலாம், வெள்ளைச் சேட்டு. நான் எழுந்து கைக்குட்டையோடு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் தோளைத் தொட்டு விரலை மூக்கருகே கொண்டுபோனார், பிறகு வாயில் வைத்தார்.

"எருமைத் தயிர்" என்றார். "மண்டூர்ப் பக்கமா?"

ஆமென்றேன். அவரே எழுந்து சட்டியை இறக்கி, என் மடியில் வைத்து, கையால் அணைத்துப் பிடிக்கச் சொன்னார். கொழும்பு வரை அப்படியே பிடித்துக்கொண்டு வந்தேன்.